கடலரசன் எப்போது வில்லன் ஆனான்?

ஸ்மைட் விளையாடியவர்களுக்கு ஆவ் குவாங்கைத் தெரியும். அமெரிக்காவின் ஹை-ரெஸ் ஸ்டூடியோஸ் 2014இல் முழுமையாக வெளியிட்ட அந்த வீடியோ கேமில் உலகத்துக் கடவுள்கள் எல்லோரும் அணி பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். கிரேக்கம், எகிப்து, மாயா, இந்து, சீனம் என்று வரிசை நீளும். சீன வரிசையில் நிற்பவர்களில் ஒருவன் ஆவ் குவாங், கிழக்குக் கடலின் டிராகன் அரசன். கையில் வாளோடு மனித உருவில்தான் வருவான். எதிராளி அடிபட்டு உயிர் குறைந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே இருக்கும் டிராகன் வெளிப்படும். எதிராளியைக் கவ்விக்கொண்டு மேலே போய்க் கதையை முடித்துவிடும்.

இந்த அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள், தோழர்களே. மனித உருவம் வேடம், பாம்புடல்தான் அசல். கொல்லும்போதுதான் அசல் வெளியே வருகிறது. ஒருவனை வில்லனாக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. "பாக்கத்தான் மனுசன், உள்ள வேற" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிதும் இல்லை.

அதே விளையாட்டில் இராவணனும் உண்டு, வாமனனும் உண்டு. வாமனன் காலால் மிதித்த மாபலியை உழைக்கும் மக்களின் அரசனாகவும், வாமனனைப் படையெடுத்து வந்த பார்ப்பனனாகவும் 1873இல் 'குலாம்கிரி' நூலில் வாசித்துக் காட்டினார் ஜோதிராவ் ஃபுலே. இராவணனைப் பற்றிப் பெரியார் பேசியதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வில்லன் என்று காட்டப்படுகிறவனைப் பார்த்தால் "இவன் யாருடைய ஆள், இவனை வில்லனாக்கியது யார்" என்று கேட்பது நம் இயக்கங்கள் நமக்குத் தந்த பயிற்சி. அருமையான பயிற்சி அது. ஆனால் சீனக் கடலில் அதே துடுப்பைப் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பழைய கதை. ஆவ் குவாங் தலைகாட்டும் முக்கியமான நூல்கள் இரண்டு. இரண்டும் மிங் வம்சக் காலத்து, அதாவது 16ஆம் நூற்றாண்டு நாவல்கள். ஒன்று குரங்கரசன் சூன் வூகோங்கின் கதையான 'மேற்கு நோக்கிய பயணம்'. இன்னொன்று 'ஃபெங்ஷென் யான்யீ', தெய்வங்களுக்குப் பதவி கொடுத்த கதை. வீடியோ கேமுக்கும் சினிமாவுக்கும் தீனி போட்டதில் இரண்டாவதற்கே பெரிய பங்கு. அதில் நடப்பது இது:

சென்டாங் கோட்டையின் தளபதி லீ ஜிங். அவருடைய மூன்றாவது மகன் நேஜா, வயது ஏழு. வெயில் தாங்காமல் ஆற்றில் இறங்கிக் குளிக்கிறான். அவனிடம் இருப்பது மாயச் சிவப்புத் துணி. அதை நீரில் அலசினால் ஆறு கலங்குகிறது, ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் கடலடியில் இருக்கும் ஆவ் குவாங்கின் மாளிகை ஆடுகிறது. என்னவென்று பார்த்துவர ஒரு காவல்காரனை அனுப்புகிறான் அரசன். நேஜா அவனை அடித்துக் கொல்கிறான். அடுத்து அரசனின் மூன்றாவது மகன் ஆவ் பிங் வருகிறான். அவனையும் கொன்று, உடலிலிருந்து நரம்பை உருவி எடுத்துக்கொள்கிறான் நேஜா. எதற்கு? அப்பாவின் கவசத்துக்குக் கச்சையாகக் கட்டிக்கொடுக்க.

மகனைப் பறிகொடுத்த ஆவ் குவாங் என்ன செய்கிறான்? படை திரட்டவில்லை, ஊரை மூழ்கடிக்கவில்லை. லீ ஜிங் அவனுக்குப் பழைய நண்பர், அவர் வீட்டுக்கு நேரே போய் நியாயம் கேட்கிறான். பிறகு வானுலகப் பேரரசரிடம் முறையிடப் புறப்படுகிறான். வானவாசலில் மறைந்து நின்ற நேஜா அவனைக் கீழே தள்ளி மிதிக்கிறான், உடம்பிலிருந்து செதில்களைப் பிய்த்தெடுக்கிறான், சின்னஞ்சிறு பாம்பாக மாறச் சொல்லித் தன் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறான். புகார் கொடுக்கப் போனவனைக் காவல் நிலைய வாசலிலேயே மடக்கி அடித்து இழுத்துவந்த கதை இது. அதன் பிறகுதான் நான்கு கடல் அரசர்களும் சேர்ந்து போய், நேஜாவின் பெற்றோரைப் பிடிக்க வானுலகத்தின் அனுமதியோடு வருகிறார்கள். பெற்றோரைக் காப்பாற்ற நேஜா தன்னையே வெட்டிக்கொண்டு, சதையையும் எலும்பையும் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாகிறான். பிறகு தாமரையிலிருந்து மறுபடி உயிர் பெறுகிறான்.

இதில் வில்லன் யார்? நாவலைப் படிக்கும் எவருக்கும் ஆவ் குவாங் மேல் கோபம் வராது. பிள்ளையை இழந்து சட்டப்படி மனுப் போட்ட தகப்பன் அவன். அதற்காக நாவல் அவன் பக்கம் நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. அவனைப் பார்த்து அது சிரிக்கிறது. 'மேற்கு நோக்கிய பயண'த்திலும் இதே நிலைதான். சூன் வூகோங் கடல் மாளிகைக்குள் புகுந்து 13,500 ஜின் எடையுள்ள தடியைத் தூக்கிக்கொண்டு போகிறான், கூடவே உடையும் கவசமும் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஆவ் குவாங் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அவன் போன பிறகு மேலிடத்துக்கு மனு எழுதுகிறான். ஆக, பழைய ஆவ் குவாங் ஓர் அதிகாரி. பயந்த, முறை தவறாத, கோப்பு பார்க்கிற, பெரிய பதவியில் இருக்கிற அதிகாரி.

அவன் கொடியவன் ஆன இடத்தை ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம்: 1979, ஷாங்காய். சீனப் புரட்சியின் முப்பதாம் ஆண்டை ஒட்டி ஷாங்காய் அனிமேஷன் ஸ்டூடியோ 'நேஜா கடலைக் கலக்குகிறான்' என்ற முழுநீளப் படத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவிலும் அது காட்டப்பட்டது. அந்தப் படத்தில் கதை தலைகீழாகிறது. இங்கே முதல் அடி டிராகன் அரசனுடையது. மக்கள் காணிக்கை செலுத்தியும் மழையைப் பிடித்துவைக்கிறான். கடற்கரையில் விளையாடும் குழந்தையைத் தூக்கிவர ஆள் அனுப்புகிறான். நேஜா கொல்வது அந்தக் குழந்தைக்காக. பிறகு நான்கு அரசர்களும் வெள்ளத்தையும் புயலையும் ஏவி ஊரையே பணயம் வைக்கிறார்கள். கொட்டும் மழையில் அந்தப் பையன் தன் கழுத்தில் வாளை வைத்துக்கொள்ளும் காட்சியைப் பார்த்து அழாத சீனக் குழந்தைகள் குறைவு. நாவலில் உயிர் பெற்றுவந்த நேஜா பழிவாங்கத் துரத்துவது தன் அப்பாவை. படத்தில் அது இல்லை. எல்லாக் கோபமும் கடல் அரசன் மேல் திருப்பிவிடப்பட்டது.

கலாச்சாரப் புரட்சி முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. பிள்ளைகளைப் பலி கேட்கும் கிழட்டு அதிகாரம், அதற்குமுன் கைகட்டி நிற்கும் அப்பா, தன்னையே வெட்டிக்கொள்ளும் பையன் என்று வைத்தால் அரங்கத்தில் இருந்தவர்கள் எதை நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். அது வேண்டித்தான் எடுக்கப்பட்டதா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: 'தொன்றுதொட்டு வரும் வில்லன்' என்று நாம் நினைக்கிறவன், நம் பெற்றோர் தலைமுறையில் ஒரு ஸ்டூடியோவில் வரையப்பட்டவன்.

மீதியைச் செய்தது மொழிபெயர்ப்பு. சீனத்தில் இவனுக்குப் பெயர் 'லோங் வாங்'. லோங் என்பதை ஐரோப்பியர் 'டிராகன்' என்றார்கள். டிராகன் ஐரோப்பாவில் யார்? திருவெளிப்பாட்டு நூலில் வரும் சாத்தான். தமிழ் விவிலியத்தில் 'வலுசர்ப்பம்' என்று நாம் படிப்பது அதைத்தான். வேல் பிடித்த புனிதர் குதிரையிலிருந்து குத்திக் கொல்வது அதைத்தான். மழை தருகிறவன் என்று சீன விவசாயி நம்பிய ஒன்றின் மேல் இந்தச் சொல் போர்த்தப்பட்டதும், அமெரிக்க விளையாட்டுக்காரருக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. 2024இல் வெளிவந்த சீன விளையாட்டான 'பிளாக் மித்: வூகோங்' ஆங்கிலப் பதிப்பிலும் 'டிராகன்' என்று எழுதாமல் 'லூங்' என்றே எழுதியதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் லோங் என்ற சொல்லே இன்னொரு மொழிபெயர்ப்பைச் சுமந்திருக்கிறது, அது நம் பக்கத்திலிருந்து போனது. பௌத்த நூல்கள் சீனத்துக்குப் போனபோது அவற்றில் வந்த 'நாகம்' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த சொல் லோங். மழையோடு தொடர்புடைய டிராகன் சீனாவில் அதற்கு முன்பே உண்டு, மண்ணில் டிராகன் பிடித்து மழை வேண்டிய வழக்கம் ஹான் காலத்திலேயே இருந்தது. கடலடியில் மாளிகை, மாளிகையில் மணிகள், அரசன், குடும்பம் என்ற ஏற்பாடோ நாகராசனிடமிருந்து வந்தது. நாகார்ச்சுனர் கடலடி நாக மாளிகைக்குப் போய்ப் பெரும் சூத்திரங்களை எடுத்துவந்தார் என்ற கதை சீனத்தில் பரவலானது, அவருக்கே அங்கே பெயர் 'டிராகன் மரம்'. ஆவ் குவாங்கின் காவல்காரன் என்று மேலே சொன்னோமே, அவனை நாவல் அழைப்பது 'யேச்சா' என்று. வேறொன்றுமில்லை, யட்சன்தான்.

தாமரைச் சூத்திரத்தில் சாகர நாகராசனின் மகள் ஒருத்தி வருகிறாள், வயது எட்டு. பெண்ணால் புத்த நிலையை அடைய முடியாது என்று சாரிபுத்திரர் வாதிடும்போது, எல்லோர் கண்முன்னும் கணப்பொழுதில் அடைந்து காட்டுகிறாள். நடுவில் ஆணாக மாறிக்கொள்கிறாள் என்பது அந்தக் கதையின் இடறல். பெண்ணியவாதிகள் அதை விடாமல் கேட்டுவருகிறார்கள், கேட்கவும் வேண்டும். இருந்தாலும் பெண், குழந்தை, பாம்புப் பிறப்பு என்று மூன்று 'தகுதியின்மை'களைச் சுமந்த ஒருத்திக்கு அந்த நூல் இடம் வைத்திருக்கிறது. கடல் மாளிகை வில்லனின் குகை ஆவதற்கு வெகுகாலம் முன்பு இந்தப் பெண்ணின் பிறந்த வீடாக இருந்தது.

நாகம் என்றதும் நம் தோழர்களுக்கு 1956 அக்டோபர் நினைவுக்கு வரும். தீட்சை பெற்ற மறுநாள் பேசிய உரையில் அண்ணல் அம்பேத்கர், நாக்பூரைத் தேர்ந்ததற்குக் காரணமாகப் பௌத்தத்தைப் பரப்பிய நாகர்களைச் சொன்னார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலிலும் நாகரும் திராவிடரும் ஒரே மக்கள் என்று வாதிட்டார். அவர் பேசியது மக்களைப் பற்றி. சீனத்துக்குப் போனது நூல்களில் இருந்த தெய்வ நாகம். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, "பார்த்தீர்களா, ஆவ் குவாங் நம் பாட்டன்" என்று எழுதிவிடுவது சுலபம், நாலு பேர் பகிரவும் செய்வார்கள். வரலாறு அப்படி வேலை செய்யாது.

வேறொரு காரணமும் உண்டு. வில்லன் மட்டுமல்ல, வீரனும் இங்கிருந்து போனவன்தான். நேஜா என்ற பெயர் நளகூபரன் என்பதன் சீனத் திரிபு என்று மேயிர் ஷாஹார் போன்ற ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அப்பா லீ ஜிங்கின் உருவத்துக்குள் இருப்பது வைசிரவணன், அதாவது குபேரன். குபேரனுக்கு இராவணன் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. அப்படியானால் ஸ்மைட்டில் சீனப் பக்கம் நிற்கும் நேஜாவுக்கு இந்துப் பக்கம் நிற்கும் இராவணன் சித்தப்பா முறை. விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை!

சரி, ஊரில் டிராகன் அரசன் யாராக இருந்தான்? நாவலாசிரியர்கள் கேலி செய்த அதே அதிகாரியாகத்தான். 1108இல் சோங் பேரரசர் ஹுய்சோங் ஐந்து நிற டிராகன்களுக்கும் அரசர் பட்டம் கொடுத்தார். பட்டம் கொடுப்பது பேரரசர் என்றால், வாங்குகிற தெய்வம் அவருக்குக் கீழ்தானே? 'மேற்கு நோக்கிய பயண'த்தில் ஜிங் ஆற்று டிராகன் அரசன் ஒருவன் வருகிறான். நகரத்துக்குப் பெய்ய வேண்டிய மழை 3 அடி 3 அங்குலம் 48 துளி என்று வானுலகத்திலிருந்து உத்தரவு வருகிறது. குறிகாரன் ஒருவனிடம் கட்டிய பந்தயத்தில் ஜெயிப்பதற்காக நேரத்தைத் தள்ளிப்போட்டு, 3 அங்குலம் 8 துளியைக் குறைத்துப் பெய்விக்கிறான். தண்டனை, தலை வெட்டு. துளிக் கணக்கில் மழையை எழுதிவைக்கும் கற்பனை எந்தச் சமூகத்தில் பிறக்கும் என்று யோசியுங்கள்.

அதிகாரி என்றால் வேலையும் வாங்கலாம். வட சீனக் கிராமங்களில் டிராகன் அரசன் கோயில் இல்லாத இடம் அரிது. மழை பொய்த்தால் முதலில் கும்பிடு, படையல், தலையில் இலைவளையம் சூடி ஊர்வலம். 1984இல் வெளிவந்த சென் கைகேயின் 'மஞ்சள் மண்' படத்தின் முடிவில், வெற்றுடம்போடு நூற்றுக்கணக்கான விவசாயிகள் மழைக்காக மண்ணில் விழுந்து வணங்கும் காட்சி இதுதான். அதற்கும் மசியாவிட்டால் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து நடுவெயிலில் வைத்துவிடுவார்கள். எங்கள் பயிர் காய்வதுபோல் நீயும் காய் என்று அர்த்தம். மழை வந்தால் நன்றிக்கு நாடகம் நடக்கும். மழை தராத டிராகனைப் பேரரசரே இலி பகுதிக்கு நாடுகடத்தச் சொன்ன கதை ஒன்றை 19ஆம் நூற்றாண்டில் சீனாவில் பயணம் செய்த பிரெஞ்சுப் பாதிரியார் ஹுக் எழுதிவைத்திருக்கிறார்.

சாமியை வெயிலில் வைப்பதை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு நகர்ந்தால் ஒன்று தவறிப்போகும். கும்பிடுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நிஜ நீதிபதியை, நிஜ வரி வசூலிப்பவனை இழுத்துவந்து வெயிலில் நிறுத்த முடியாத விவசாயி, அவர்களின் உடை போட்ட மண்பொம்மையை நிறுத்துகிறான்.

கோயில் வெறும் மழைக்கானதும் அல்ல. ஹெபெய் மாகாணம் சிங்தாய் பகுதியில் ஒரே மதகை நம்பிய ஊர்கள் சேர்ந்து மதகுச் சங்கம் வைத்திருந்ததையும், அந்தச் சங்கங்களின் வழிபாடு டிராகன் அரசன் கோயில்களைச் சுற்றி நடந்ததையும் வரலாற்றாசிரியர் பிரசென்ஜித் துவாரா 1988இல் வந்த தன் நூலில் விவரிக்கிறார். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு இருக்கும் இடத்தில் சாமி இருக்கும். மகாத் குளத்தை அறிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஆகவே நம் கேள்விக்கு நாம் தரும் பதில் இது. ஆவ் குவாங் மாபலி அல்ல. அவன் ஒடுக்கப்பட்டவர்களின் அரசன் இல்லை, ஒடுக்கும் ஏணியில் நடுப்படியில் உட்கார்ந்திருந்தவன். மேலே மனு எழுதுவான், கீழே காணிக்கை வாங்குவான். முகம் பாம்பாக இருப்பதால் மட்டும் அவனை நாம் தத்தெடுக்க வேண்டியதில்லை. அதேபோல, முகம் பாம்பாக இருப்பதால் மட்டும் அவனைக் கொல்லச் சொல்லும் விளையாட்டுக்குக் கைதட்டவும் வேண்டியதில்லை.

2019இல் ஜியாவ்ஸி இயக்கிய 'நேஜா' படம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அங்கே டிராகன்கள் 'யாவ்', அதாவது பிறப்பால் இழிந்த பேயினம். வானுலகத்துக்காக மற்ற பேய்களை அடக்கிக் கொடுத்தார்கள். பரிசு? கடலடிச் சிறையில் அந்தப் பேய்களைக் காவல் காக்கும் வேலை. மாளிகை என்ற பெயரில் அவர்களும் அதே சிறையில். இனத்தின் எதிர்காலமே மகன் ஆவ் பிங்கின் தலையில் இருப்பதால் ஒவ்வொரு டிராகனும் தன் உடம்பின் மிகக் கெட்டியான செதிலைப் பிய்த்து அவனுக்குக் கவசம் செய்து தருகிறது. நாவலில் செதிலைப் பிய்த்தவன் நேஜா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். அந்தப் படத்தில் நம்மை அதிகம் தொந்தரவு செய்தவர் ஷென் கோங்பாவ். சிறுத்தைப் பிறப்பு. எவ்வளவு படித்தாலும் உழைத்தாலும் குருவின் முதல் வரிசையில் இடம் கிடைக்காது. பேச்சு திக்கும். அவர் கெடுதல் செய்கிறார்தான், ஆனால் எந்தக் கதவு மூடியதால் அங்கே போய் நிற்கிறார் என்பதைப் படம் மறைக்கவில்லை.

2025இல் வந்த இரண்டாம் பாகம் உலகில் அதிக வசூல் கண்ட அனிமேஷன் படம், 200 கோடி டாலரைத் தாண்டியது. அதில் சென்டாங் ஊரை அழித்த பழி ஆவ் குவாங் மேல் விழுகிறது. செய்தது அவனல்ல, வெள்ளை வெளேரென்ற மாளிகையில் தூய்மை பேசும் பெரியவர் வூலியாங் என்று பிறகு தெரிகிறது. அவர் பேய்ப் பிறவிகளைப் பிடித்துவந்து கொப்பரையில் உருக்கி மாத்திரை செய்கிறார். ஒருவரின் தூய்மைக்கு இன்னொருவரின் உடல் மூலப்பொருள். இந்திய அரங்குகளில் இதைப் பார்த்த எத்தனை பேருக்கு உறைத்ததோ!

எனினும் ஒரு குறை. கண்ணீர் எல்லாம் அரச குடும்பத்துக்கே. முதல் சோதனையில் நேஜா அடித்து நொறுக்கும் மர்மோட் கூட்டம் ஒன்று வருகிறது. வளைக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் சின்னப் பேய்கள், யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். அரங்கம் அந்த அடியைப் பார்த்துச் சிரிக்கிறது. அவர்களும் கொப்பரைக்குத்தான் போகிறார்கள் என்று பின்னால் தெரிந்தாலும், இளவரசன் ஆவ் பிங்குக்கு விழும் கண்ணீரில் கால்வாசிகூட அவர்களுக்கு விழுவதில்லை.

சீனக் கடலில் நிஜமாகவே 'டிராகன் குடிகள்' என்று அழைக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். குவாங்டோங், ஃபூஜியன் கரைகளில் படகிலேயே பிறந்து, மணந்து, செத்த மக்கள். 'டங்கா' என்பது கரையில் இருந்தவர்கள் வைத்த பெயர், அவர்கள் அதை வசையாகவே கேட்டார்கள். தங்களை 'நீர்மேல் மக்கள்' என்றார்கள். டிராகன் குடிகள் என்ற சொல் டாங் காலக் கவிஞர் ஹான் யூவின் கவிதையிலேயே வருகிறது. அவர்கள் கோயிலில் பாம்பு வரைந்து வணங்குவதாகவும் தங்களை டிராகன் வித்து என்று சொல்லிக்கொள்வதாகவும் மிங் கால எழுத்தாளர் குவாங் லூ குறிக்கிறார். படம் எடுத்தவர்கள் இவர்களை மனத்தில் வைத்து எடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. கடலடி மாளிகையின் முத்துகளைப் பற்றி நாவல்கள் எழுதப்பட்ட நாட்டில், முத்தெடுக்க மூழ்கியவர்கள் இவர்கள் என்பதைத்தான் சொல்கிறோம். 1178இல் சோ சூஃபெய் எழுதிய தென்னாட்டுக் குறிப்புகளில் கயிறு கட்டிய கூடையோடு இறங்கும் முத்துக்குளிப்பவர் வருகிறார். கொடிய மீன் கடித்துவிட்டால் நீர்மேல் ஓர் இழை இரத்தம் மிதந்துவரும், படகில் இருப்பவர்கள் அதைப் பார்த்து ஆள் போய்விட்டான் என்று அழுவார்கள் என்கிறார்.

கரையில் வீடு கட்ட அவர்களுக்கு அனுமதி கிடையாது. தேர்வு எழுத முடியாது. கரைக் குடும்பங்கள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. படகில் குந்தியே வாழ்ந்து கால் வளைந்தவர்களை ஃபூஜோ ஊரார் 'வளைகால்' என்று கூப்பிட்டார்கள். சிங் பேரரசர் யோங்ஜெங் 1723இல் ஷாங்சியின் இசைக்குடிகள், ஷாவ்சிங்கின் 'விழுந்த மக்கள்' போன்றவர்களின் இழிநிலைப் பதிவை நீக்கினார். 1729இல் நீர்மேல் மக்களுக்கும் ஆணை வந்தது: இவர்களும் நல்ல குடிகளே, மீன்வரி கட்டுகிறார்கள், ஒதுக்கக் காரணம் இல்லை, கரையோரம் வீடு கட்டலாம், உள்ளூர்ப் பெரியவர்கள் விரட்டக் கூடாது. வரி கட்டுவதால் மனிதர் என்ற வாதத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிது.

அடுத்த பேரரசர் சியான்லோங் காலத்தில், 1771இல், ஆணைக்கு விளக்கம் வந்தது. இழிதொழிலை விட்டுவிட்டேன் என்று ஒருவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அவரிலிருந்து நான்கு தலைமுறை எண்ண வேண்டும். அதுவரை நெருங்கிய உறவில் யாரும் பழைய தொழிலுக்குத் திரும்பியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். சித்தப்பா ஒருவர் மறுபடி படகேறினால் கணக்கு கெடும். படகை விட்டால் கரையில் நிலம் யார் தருவார் என்ற கேள்விக்கு விதியில் பதில் இல்லை. 1771இல் பதிவு செய்த ஒருவரின் கொள்ளுப்பேரன் தேர்வுக்கூட வாசலுக்கு வரும்போது 19ஆம் நூற்றாண்டு பிறந்து வெகுநாள் ஆகியிருக்கும். தேர்வு முறையையே 1905இல் ஒழித்துவிட்டார்கள். நீர்மேல் மக்களில் பெரும்பாலோர் அப்போதும் படகில்தான் இருந்தார்கள்.